நெல் கொள்முதல் நிலையச் செய்தி: 40 நிமிடத்தில் என்ன ஷாட் எடுப்பது, எப்படி வெட்டுவது?

டெல்டா டெஸ்க்:

வணக்கம். ஒரு டிவி சேனலின் டெல்டா மாவட்டச் செய்தி மேசையிலிருந்து கேட்கிறேன். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் முட்டிக்கொள்ளும் நேரம் வந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையிலிருந்து தினமும் வருவது ஒரே செய்தி. நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல் தேங்கிக் கிடக்கிறது, நனைந்து முளைக்கிறது, ஈரப்பதம் கூடுதல் என்று எடுக்க மறுக்கிறார்கள். செய்தியில் குறையில்லை, விஷுவலில்தான் வறட்சி. மூட்டைகள் மேல் இடமிருந்து வலம் ஒரு பேன் (கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுப்பது), வலமிருந்து இடம் ஒரு பேன், தார்ப்பாயில் ஒரு ஜூம், அப்புறம் வரிசையாக நிற்க வைத்து ஐந்து பைட் (பேட்டித் துண்டு). 1 நிமிடம் 45 விநாடி பேக்கேஜில் (தொகுத்த செய்தியில்) அதே பேன் மூன்று தடவை சுற்றி வருகிறது.

சீசனுக்கு முன் மாவட்ட டீமுக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். ரிப்போர்ட்டர் ஒருவர், கேமராமேன் ஒருவர். 1 அங்குல சென்சார் கேம்கார்டர், ட்ரைபாட், ஒரு காலர் மைக், ஒரு கன் மைக் (முன்னால் வரும் சத்தத்தைப் பிடிக்கும் நீள மைக்), லோகோ வைத்த கை மைக். ஸ்பாட்டில் கிடைப்பது 40 நிமிடம். எடிட் சென்னையில், எடியஸ் மென்பொருளில். சேனல் 1080ஐ50, அதாவது விநாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக (ஃபீல்ட்).

1. அந்த 40 நிமிடத்தில் எதை, எந்த வரிசையில் எடுக்கச் சொல்வது?
2. பைட்டைக் குதிக்காமல் வெட்டுவது எப்படி? இப்போது வெட்டு விழும் இடமெல்லாம் வெள்ளை ஃப்ளாஷ் போட்டு ஓட்டுகிறோம்.
3. ஸ்ட்ரிங்கர்கள் (பகுதிநேரச் செய்தியாளர்கள்) மொபைலில் எடுத்து அனுப்புவதை இதோடு எப்படிச் சேர்ப்பது?

"நல்ல விஷுவல் எடுங்கள்" மாதிரி பதில் வேண்டாம். எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

முக்காலி:

சார், கொள்முதல் நிலையத்துல ஒரு வேலை நடக்குது. உங்க ஆட்கள் வேலையை விட்டுட்டு மூட்டையை மட்டும் எடுக்கிறாங்க. அங்கதான் விஷுவல் தீர்ந்து போகுது.

குவியல்லேர்ந்து அள்ளித் தூற்றுற மெஷின்ல கொட்டுறாங்க. சாக்குல பிடிக்கிறாங்க. தராசுல ஏத்தி 40 கிலோ பார்க்கிறாங்க. வாய் தைக்கிறாங்க. தோள்ல தூக்கிட்டுப் போய் அடுக்கி அட்டி போடுறாங்க. ஆக அஞ்சு வேலை. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு ஷாட்: கை மட்டும், முகம் மட்டும், ரெண்டும் தெரியுற மாதிரி நடுத்தரம், தோளுக்குப் பின்னாலிருந்து, இடம் முழுக்கத் தெரியுற வைட். மொத்தம் 25. ஒவ்வொண்ணும் கேமரா அசையாம 10 செகண்ட். கூட்டிப் பாருங்க, ஓடுற ஃபுட்டேஜ் 4 நிமிஷம் 10 செகண்ட்தான். ட்ரைபாட் மாத்தி வைக்கிற நேரம் சேர்த்தாலும் 20 நிமிஷத்துல அடங்கும்.

ஒரே கேமராவை வெச்சுக்கிட்டு அஞ்சு கோணம் எப்படின்னு கேட்பாங்க. சாக்கு தைக்கிறவர் ஒரு மூட்டையோட நிறுத்தப் போறதில்லை. முதல் மூட்டையை வைட்ல எடுங்க, ரெண்டாவதுல ஊசியும் சணலும், மூணாவதுல அவர் முகம். எடிட்ல மூணும் ஒரே மூட்டை ஆயிடும். யாரையும் "இன்னொரு தடவை பண்ணுங்கண்ணே"ன்னு கேட்க வேண்டியதில்லை. ஒண்ணு மட்டும் கவனம்: அதே ஆளா இருக்கணும். மூணாவது மூட்டைக்கு வேற சட்டைக்காரர் வந்துட்டார்னா வெட்டு ஒட்டாது.

மூட்டை போற திசை. தராசுலேர்ந்து அட்டிக்கு ஒரு கோடு இருக்கறதா வெச்சுக்குங்க. கோட்டுக்கு ஒரே பக்கத்துல நின்னு எடுங்க. மூட்டை ஒரு ஷாட்ல இடமிருந்து வலமாவும் அடுத்த ஷாட்ல வலமிருந்து இடமாவும் போனா, பார்க்கிறவனுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கும். வெயிலுக்காகப் பக்கம் மாறியே ஆகணும்னா, சுமக்கிறவர் கேமராவை நோக்கி நேரா நடந்து வர்ற மாதிரி ஒரு ஷாட் எடுத்துக்குங்க. நடுவுல அதை வெச்சா மாறினது தெரியாது.

கொள்முதல் நின்னு போன நாள்லயும் வேலை உண்டு. தார்ப்பாயை இழுக்கிறது, மேல தேங்கின தண்ணியை வழிச்சு விடுறது, ரோட்டுல பரப்பின நெல்லைக் காலால கிண்டி விடுறது, சாயங்காலம் மறுபடி கூட்டிக் குவிக்கிறது. இதையும் அதே அஞ்சு ஷாட் கணக்குல எடுக்கலாம்.

வரிசை: போனவுடனே லாரி லோடு ஆகுதான்னு பாருங்க. ஆகுதுன்னா அதுதான் முதல், ஏன்னா கிளம்பிடுச்சுன்னா போச்சு. அடுத்து ஈரப்பத மீட்டர். பைட்டை கடைசிக்குத் தள்ளாதீங்க, பத்தாவது, பதினஞ்சாவது நிமிஷத்துலயே எடுங்க. அவர் "அடி மூட்டை பூரா முளைச்சுப் போச்சுங்க"ன்னு சொன்னா, அடி மூட்டையைப் போய் எடுக்க உங்களுக்கு நேரம் மிச்சம் இருக்கணும். முழுசா ஷூட் முடிச்சிட்டு பைட் எடுக்கிறவங்க பேக்கேஜ்லதான் பேச்சு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போகும்.

பேன் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எதுலேர்ந்து எதுக்குப் போகுதுன்னு இருக்கணும். பூட்டின ஷட்டர்லேர்ந்து வாசல்ல காத்துக் கிடக்கிற நெல்லுக்குன்னா அது பேன். தொடக்கத்துல 5 செகண்ட் நிக்கணும், 5, 6 செகண்ட் நகரணும், முடிவுல 5 செகண்ட் நிக்கணும். அந்த முனைகள் இருந்தாத்தான் எடிட்டர் அதை மூணு ஷாட்டாவும் பயன்படுத்த முடியும்.

செட்டிங்:

ஷட்டர் 1/50. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் மட்டமான எல்இடியும் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். 1/60 வெச்சா நிலையத்து ஆபீஸுக்குள்ள பட்டை பட்டையா ஓடும். வெளிச்சம் ஜாஸ்தின்னு ஷட்டரை ஏத்தாதீங்க, என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற கண்ணாடி) போடுங்க. ஐரிஸை (லென்ஸ் திறப்பை) எஃப் 8க்கு மேல மூடினா இந்த சைஸ் சென்சார்ல படம் மழுங்க ஆரம்பிக்கும்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஆட்டோ எக்ஸ்போஷர்ல விட்டா அது சட்டையைப் பார்த்து இருட்டாக்கும், விவசாயி முகம் கரியாயிடும். மேனுவலுக்கு வாங்க. ஜீப்ராவை (வெச்ச அளவு வெளிச்சம் வர்ற இடத்துல கோடு காட்டுற வசதி) 100ல வெச்சு, சட்டையோட பளிச்சுன்னு இருக்கிற ஓரத்துல மட்டும் கோடு ஓடுற அளவுக்கு நிறுத்துங்க. முகத்துக்கு 70 ஜீப்ரான்னு பழைய பாடம் சொல்லும். அது வெள்ளைத் தோலுக்குப் போட்ட கணக்கு. நம்ம ஊர் வெயில்ல உழைக்கிற முகத்துக்கு 50லேர்ந்து 60 போதும்.

நீலத் தார்ப்பாய் இருக்கே, அதுதான் பெரிய எதிரி. அடியில நிக்க வெச்சு எடுத்தா ஆள் நீலமா இருப்பார். அங்கேயே வெள்ளைப் பேப்பர் காட்டி ஒயிட் பேலன்ஸ் பண்ணினா முகம் சரியாகும், பின்னால வயல் ஆரஞ்சாயிடும். ஆளைத் தார்ப்பாய் ஓரத்துக்குக் கூட்டிட்டு வந்து, முகம் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி நிறுத்துங்க. வேலை முடிஞ்சுது.

ஃபிரேமோட அடி கால் பங்கு உங்களுது இல்லை. ஸ்க்ரோல், ஆஸ்டன் (பெயர்ப் பட்டை), பிரேக்கிங் பட்டை எல்லாம் அங்கதான் உட்காரும். மீட்டர் எண், தைக்கிற கை, எதையும் அதுக்கு மேல வைங்க.

வெட்டுமேசை:

முக்காலி சொன்ன 25 எடிட் கணக்குக்கும் சரியாக வருகிறது. உங்கள் 1:45-ஐ இப்படிப் பிரிக்கலாம்.

0:00–0:05 குரல் இல்லை. தார்ப்பாயை இழுக்கும் சத்தம், வழியும் தண்ணீர்.
0:05–0:22 முதல் விஓ (படத்தின் மேல் ஓடும் பின்னணிக் குரல்). எந்த ஊர், எத்தனை நாளாகத் தேக்கம்.
0:22–0:34 விவசாயி பைட்.
0:34–0:40 மீட்டர். வெட்டில்லாத ஒரே ஷாட், அங்கிருக்கும் சத்தத்தோடு.
0:40–0:58 இரண்டாவது விஓ. ஈரப்பத வரம்பு, திருப்பி அனுப்பினால் என்ன ஆகிறது.
0:58–1:08 இரண்டாவது விவசாயி.
1:08–1:22 மூன்றாவது விஓ. தேக்கத்துக்குக் காரணம்: சாக்குப் பற்றாக்குறையா, கிடங்குக்கு லாரி வரவில்லையா, ஆள் இல்லையா.
1:22–1:34 அதிகாரி பைட்.
1:34–1:45 பிடிசி (ரிப்போர்ட்டர் கேமராவைப் பார்த்துப் பேசுவது) அல்லது முடிவு விஓ.

விஓ மட்டும் 60 விநாடி. ஷாட்டுக்குச் சராசரி மூன்றரை விநாடி என்றால் 17 ஷாட். பைட் மேல் போடும் கட்அவே (பேச்சு ஓடும்போது காட்டும் வேறு ஷாட்) நான்கு, தொடக்கத்துக்கும் மீட்டருக்கும் நான்கு. 25 ஷாட் வந்தால் எதுவும் இரண்டாம் முறை வராது. 12 வந்தால் கட்டாயம் வரும், எடிட்டரைத் திட்டிப் பயனில்லை. எல்லா ஷாட்டையும் மூன்றரை விநாடியில் நறுக்கவும் வேண்டாம். வைட் ஷாட்டில் கண் தேட வேண்டியது அதிகம், 4 முதல் 5 விநாடி கொடுங்கள். ஊசியும் சணலும் 2 விநாடியில் புரிந்துவிடும்.

அடுத்தடுத்த இரண்டு ஷாட் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருந்தால் படம் குதிக்கும். அளவில் ஒரு படியாவது மாற வேண்டும், கோணம் 30 டிகிரியாவது திரும்பியிருக்க வேண்டும். வெட்டு அசைவின் நடுவில் விழட்டும்: மூட்டை தோளுக்கு ஏறத் தொடங்கும்போது வைட், ஏறி உட்காரும்போது குளோசப். அசைவு முடிந்தபின் வெட்டினால் ஒவ்வொரு ஷாட்டும் ஒரு முற்றுப்புள்ளி போலத் தெரியும்.

பைட்டுக்கு வருகிறேன். இணைப்பின் மேல் சரியாக ஒரு ஷாட்டை ஒட்டுவது பலரும் செய்வது. கட்அவே இணைப்புக்கு 1 விநாடி முன்பே நுழைந்து, ஒன்றரை விநாடி கழித்து வெளியேறட்டும். அப்போதுதான் அது மறைப்பாகத் தெரியாது. அவர் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அந்தப் பொருளே கட்அவேயாக இருக்கட்டும். தலையாட்டும் ரிப்போர்ட்டர், பிசையும் கை, இரண்டும் வேறு வழியில்லாதபோது மட்டும்.

ஃப்ளாஷ் அசிங்கம்தான், ஆனால் "இங்கே வெட்டியிருக்கிறோம்" என்று அது ஒத்துக்கொள்கிறது. கட்அவே அதையும் மறைத்துவிடும். அதனால் ஃப்ளாஷைக் கைவிட்டுக் கட்அவே போடும் எடிட்டருக்குப் பொறுப்பு கூடுகிறது. தமிழ்ப் பேச்சில் இது இன்னும் ஆபத்து, மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதிகாரி "மூட்டைக்கு இவ்வளவுன்னு காசு வாங்குறாங்கன்னு சொல்றாங்க, அது உண்மையில்ல" என்கிறார். "வாங்குறாங்க"வில் வெட்டினால் அவரே ஒப்புக்கொண்டதாக ஒளிபரப்பாகும். "தாமதம் ஆகல" என்பதில் கடைசி ஆறு ஃபிரேம் போனால் "தாமதம் ஆக" என்று தொங்கும், அடுத்த துண்டோடு ஒட்டி வேறு அர்த்தம் கொடுக்கும். பைட்டை வெட்டும்போது அலைவடிவத்தைப் பார்த்து வெட்டாதீர்கள், வினைமுற்று முழுதாக முடியும் வரை காதால் கேளுங்கள். பிறகு 5, 6 ஃபிரேம் மூச்சு விடுங்கள்.

எதிரெதிர்த் தரப்புகளை ஒரே பக்கம் பார்க்க வைக்காதீர்கள். விவசாயி ஃபிரேமின் இடப்பக்கம் நின்று வலம் பார்த்தால் அதிகாரி வலப்பக்கம் நின்று இடம் பார்க்க வேண்டும். இதை ஸ்பாட்டில் ரிப்போர்ட்டர் நிற்கும் பக்கம்தான் தீர்மானிக்கிறது. லென்ஸுக்கு ஒட்டி, அதே உயரத்தில் நிற்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டர் இரண்டடி தள்ளி நின்றால் பேசுபவரின் ஒரு காதுதான் நமக்குக் கிடைக்கும்.

விஓ எழுதுபவருக்கும் ஒரு வரி. திரையில் தார்ப்பாய் இழுக்கப்படும்போது "தார்ப்பாய் கொண்டு மூடி வைத்துள்ளனர்" என்று எழுத வேண்டாம். முதல் நான்கு சொல் படத்தைத் தொட்டால் போதும், மிச்ச வாக்கியம் படம் சொல்லாத தகவலுக்கு.

சோகப் பின்னணி இசை, முகத்தில் ஸ்லோமோஷன், ஷாட்டுக்கு ஷாட் டிசால்வ் (ஒன்று கரைந்து அடுத்ததாவது), இந்த மூன்றையும் குறிப்பிலேயே தடை செய்யலாம் என்பது என் கருத்து. நெல் முளைத்திருப்பதைத் தெளிவாகக் காட்டினால் இசை எதற்கு?

ஒலிப்பட்டி:

படத்தைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. மாவட்டத்திலிருந்து வருவதில் எடிட்டரால் காப்பாற்றவே முடியாதது ஒலிதான்.

முதலில் கேமராவில் ஆட்டோ லெவலை அணையுங்கள். விவசாயி மூச்சு வாங்கும் இடைவெளியில் ஆட்டோ லெவல் தூற்றும் மெஷினை மேலே தூக்கும், பேசத் தொடங்கியதும் அமுக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை பிறகு நீக்க முடியாது. சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்க வேண்டும். கத்திப் பேசுபவருக்கு அதற்கு மேல் இடம் இருக்கும்.

முதல் சேனலில் கை மைக் அல்லது காலர் மைக், இரண்டாவதில் கன் மைக். கன் மைக்குக்கு கேமராவிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், கை மைக்குக்குத் தேவையில்லை. வயர்லெஸ் ரிசீவரிலிருந்து வரும் இணைப்பை கேமராவில் மைக் என்று வைப்பதா லைன் என்று வைப்பதா என்று பாருங்கள். தவறாக வைத்தால் உடைந்த சத்தம் வரும், அல்லது வெறும் இரைச்சல்.

எடிட்டில் அடிக்கடி நடக்கும் இரண்டு கோளாறு. ஒன்று, முதல் சேனலை மோனோவாக்காமல் விட்டு பைட் இடது ஸ்பீக்கரில் மட்டும் கேட்பது. இரண்டு, கை மைக்கையும் கன் மைக்கையும் ஒரே அளவில் கலப்பது. ஒரே குரல் சில மில்லி விநாடி வித்தியாசத்தில் இரு முறை வந்து கிணற்றுக்குள் பேசுவது போல் இருக்கும். பைட்டுக்கு நெருக்கமான மைக் மட்டும். கன் மைக் சேனல் சுற்றுச் சத்தத்துக்கு.

தூற்றும் மெஷின் ஓடினால் பேசுபவரை மெஷினுக்கு முதுகு காட்டி நிறுத்தாதீர்கள், அப்போது கன் மைக் அவரோடு சேர்த்து மெஷினையும் நேராகப் பார்க்கும். மெஷின் கேமராவுக்குப் பின்னால் வர வேண்டும். கை மைக் மோவாய்க்குக் கீழே சுமார் 15 சென்டிமீட்டர், லோகோ வாயை மறைக்காமல். காற்றுக்குக் கறுப்பு ஸ்பாஞ்ச் போதாது, ரோம உறை போடுங்கள், லோ கட்டையும் (தாழ்ந்த இரைச்சலை வடிகட்டும் சுவிட்ச்) ஆன் செய்யுங்கள்.

கிளம்பும் முன் யாரும் பேசாமல் 30 விநாடி சும்மா ஓடவிட்டு இடத்தின் சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பைட் இணைப்புகளுக்கு அடியில் அதைப் போட்டால் சத்தம் திடீரென்று அறுந்து தெரியாது. விஓவுக்கு அடியில் சுற்றுச் சத்தம் சுமார் 18 டெசிபல் இறங்கி ஓடட்டும். பத்திக்கும் பத்திக்கும் நடுவில் 2 விநாடி முழு அளவில் திறந்துவிடுங்கள். அடுத்த பைட்டின் ஒலி, படத்துக்கு 10, 12 ஃபிரேம் முன்பே வந்தால் வெட்டு வழுக்கிக்கொண்டு போகும். சேனலுக்கென்று தனி அளவு கொடுக்கவில்லை என்றால் முடிவு லவுட்னஸ் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (மொத்த ஒலியின் உரப்பை அளக்கும் அலகு).

டெல்டா டெஸ்க்:

மூவருக்கும் நன்றி. பைட்டின் கடைசி வினையைப் பற்றிச் சொன்னதை அப்படியே குறிப்பில் சேர்க்கிறேன். மொபைல் விஷயம் பாக்கி இருக்கிறது. ஸ்ட்ரிங்கர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், பாதிப் பேர் நெட்டுக்குத்தாக எடுக்கிறார்கள். பெரிய பைட்டில் உதடும் குரலும் விலகுகிறது. அனுப்பும் நேரமும் பிரச்சினை. 20 நிமிட ஃபுட்டேஜை அப்படியே எஃப்டிபியில் (நேரடியாக சர்வருக்கு) ஏற்ற முயன்று மாலை புல்லட்டினைத் தவற விடுகிறார்கள்.

இன்ஜஸ்ட் மேசை:

உதடு விலகுவதற்குக் காரணம் மாறும் ஃபிரேம் ரேட். போன், வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப விநாடிக்கு 29 என்றும் 30 என்றும் மாற்றிக்கொண்டே போகும். டைம்லைன் 25 என்று பிடித்து நடக்கும். உள்ளே எடுக்கும் முன் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 25, நிலையான ஃபிரேம் ரேட் என்று வைத்து மாற்றுங்கள், விலகல் போய்விடும். ஆனால் 30-ஐ 25 ஆக்கும்போது அசைவில் ஒரு தத்தல் வரும், அது போகாது. அதனால் எடுக்கும்போதே 25 வேண்டும். ஐபோனில் கேமரா செட்டிங்கில் பிஏஎல் (PAL) ஃபார்மட்டைக் காட்டச் சொன்னால் 25 வரும். ஆண்ட்ராய்டில் உள்ளே இருக்கும் கேமராவில் பெரும்பாலும் இருக்காது. பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், அதை ஏற்கும் போன்களில் 25, ஷட்டர் 1/50, ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் பூட்டி வைக்கலாம்.

நெட்டுக்குத்துப் படம் 1080 பிக்சல் அகலம்தான். அதிலிருந்து 16க்கு 9 வெட்டினால் உயரம் 607 வரிதான் மிஞ்சும், எச்டியில் இழுத்தால் மாவு மாதிரி இருக்கும். வேறு ஆளில்லாத சம்பவத்துக்கு அதையும் போடத்தான் வேண்டும். ஆனால் ஸ்ட்ரிங்கரிடம் போனைப் படுக்க வைக்கச் சொல்வது எளிது. யூடியூப் ஷார்ட்ஸுக்காக நெட்டுக்குத்து வேண்டும் என்று டிஜிட்டல் டெஸ்க் கேட்டால், 4கேயில் எடுக்கச் சொல்லுங்கள். அகலம் 2160, வெட்டினாலும் உயரம் 1215 இருக்கும், இரண்டுக்கும் ஆகும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும். டாக்குமென்ட்டாக இணைத்தால் அப்படியே வரும், 2 ஜிபி வரை.

அனுப்பும் கணக்கு. கேமரா 50 எம்பிபிஎஸ்ஸில் பதிவு செய்தால் நிமிடத்துக்கு 375 எம்பி, 20 நிமிடம் 7.5 ஜிபி. கிராமத்து 4ஜியில் அப்லோட் 4 எம்பிபிஎஸ் கிடைத்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல். லேப்டாப்பில் ஷாட் தேர்ந்து, பைட்டைத் தேவையான பகுதியோடு வைத்து, 4 நிமிடமாகக் குறைத்து 12 எம்பிபிஎஸ் எச்.264 ஆக எடுங்கள். 360 எம்பி, 12 நிமிடத்தில் போய்விடும். ஷாட்டின் இரு முனையிலும் 2 விநாடி கூடுதலாக விடச் சொல்லுங்கள். சுற்றுச் சத்தச் சேனலை நீக்காமல் இரு சேனலும் தனித்தனியே வரட்டும்.

ஏற்றுமதியில் ஒரு கண்: எச்டி இன்டர்லேஸ் என்றால் அப்பர் ஃபீல்ட் முதலில். பழைய எஸ்டி டிவி (DV டேப்) பிரீசெட் லோயரில் இருக்கும், அதை யாராவது எடுத்துப் போட்டால் அசைவு முன்னும் பின்னும் துள்ளும். அதே பேக்கேஜை யூடியூபுக்கு ஏற்றும்போது டிஇன்டர்லேஸ் செய்யாவிட்டால் (இரு பாதியை முழு ஃபிரேமாக்காவிட்டால்) நடக்கிற ஆளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரியும்.

ஏழாம் பக்கம்:

ரிப்போர்ட்டர் தரப்பிலிருந்து சில, கேமராமேன் கேட்டால்தான் நடக்கும் விஷயங்கள்.

மீட்டர் ஷாட் இந்தச் செய்தியின் சாட்சி. எந்தக் குவியலிலிருந்து நெல்லை அள்ளினார்கள், அதே நெல் கருவிக்குள் போனதா, எண் என்ன வந்தது, மூன்றும் ரெக்கார்டை நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் வேண்டும். எண் மட்டும் தனி குளோசப்பாக இருந்தால் "அது வேறு மூட்டை" என்று யாரும் சொல்லலாம். வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் மத்திய அரசு தனி உத்தரவில் தளர்த்துவதுண்டு. அந்த சீசனுக்கு உத்தரவு வந்திருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று விஓ எழுதும் நாளில் பார்த்துவிட்டு எழுதுங்கள். போன வருட ஸ்கிரிப்டிலிருந்து எண்ணை எடுத்து ஒட்டுவது இந்தச் செய்தியில் சகஜமாகிவிட்டது.

போன வருடப் படமும் அப்படித்தான். முளைத்த நெல்லுக்குத் தேதி கிடையாது. கோப்புக் காட்சி என்றால் அந்த ஷாட் ஓடும் நேரம் முழுக்கத் திரையில் எழுத்து இருக்க வேண்டும். கிளிப் பெயரிலேயே தேதியும் ஊரும் வைத்தால் சென்னையில் குழப்பம் வராது.

விவசாயி கையில் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தகம் எல்லாம் இருக்கும். அதை குளோசப் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எண்கள் எச்டியில் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். மடித்த காகிதத்தைக் கையோடு எடுங்கள், படிக்க முடியாத கோணத்தில்.

மூட்டைக்குக் காசு கேட்கிறார்கள் என்று சொல்பவர் முகம் மறைக்கச் சொன்னால் எடிட்டில் மொசைக் போடலாம் என்று விட்டுவிடாதீர்கள். தலை அசைந்து ஒரே ஒரு ஃபிரேமில் மொசைக் விலகினாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். கேமராவிலேயே முகம் இல்லாமல் எடுங்கள்: பின்னாலிருந்து, அல்லது தரையில் விழும் நிழல். சட்டை, கைக்கடிகாரம், பின்னால் நிற்கும் வண்டியின் எண், எல்லாம் அடையாளம்தான்.

முக்காலி:

வெட்டுமேசை சார், தொடக்கத்துல தார்ப்பாய் போட்டிருக்கீங்க. முளைச்ச நெல்லைத்தானே முதல்ல வைக்கணும்? அதுதான் செய்தி. தார்ப்பாய் எல்லா சேனல்லயும் ஓடுது.

வெட்டுமேசை:

முளைத்த நெல் நன்றாகக் கிடைத்திருந்தால் உங்கள் பக்கம் வருகிறேன். தார்ப்பாயில் சத்தம் இருக்கிறது, முளைத்த நெல்லுக்குச் சத்தம் இல்லை. 5 விநாடி அமைதியாகத் தொடங்கினால் ஆங்கர் லீட் முடிந்த இடத்தில் ஒலி போய்விட்டது என்று நினைப்பார்கள். ஒரு வழி: படம் முளைத்த நெல், அடியில் தார்ப்பாய்த் தண்ணீர் வழியும் சத்தம், இரண்டாவது ஷாட்டில் அந்தத் தண்ணீரையே காட்டுவது. ஒரே இடம், ஒரே நேரத்தில் எடுத்தது என்றால் இதில் பொய் இல்லை. ஆனால் வரும் குளோசப் எல்லாம் ஃபோகஸ் இல்லாமல் வருகிறது. அதனால்தான் தார்ப்பாய் போட்டேன்.

டெல்டா டெஸ்க்:

ஆமாம், அதுவே எனக்கும் தொல்லை. உள்ளங்கையில் நெல்லை வைத்துக் காட்டுகிறார்கள், ரேகை தெளிவாக இருக்கிறது, முளை மங்கலாக இருக்கிறது. என்ன செய்யச் சொல்வது?

முக்காலி:

ரெண்டு வழி இருக்கு. லென்ஸை முழு வைட்ல வெச்சா ரொம்பக் கிட்டப் போனாலும் ஃபோகஸ் பிடிக்கும், ஆனா கேமரா நிழலே நெல்லு மேல விழும். மழை மேகமா இருந்தா பரவாயில்லை, வெயில்னா ஆகாது. இன்னொண்ணு, சுமார் 1 மீட்டர் தள்ளி நின்னு முழு டெலியில (முழுக்க ஜூம் பண்ணி) எடுக்கிறது. அதுக்கும் கிட்டப் போனா டெலியில ஃபோகஸே பிடிக்காது, உங்க ஆட்கள் மாட்டிக்கிறது அங்கதான்.

டெலியில எடுக்கும்போது கை அந்தரத்துல இருக்கக் கூடாது. ஒரு சாக்கு மேல கையை ஊன்றி வைக்கச் சொல்லுங்க, கேமரா ட்ரைபாட்ல. ஆட்டோ ஃபோகஸ் கைரேகையைத்தான் பிடிக்கும், மேனுவலுக்கு மாத்தி பீக்கிங் (ஃபோகஸ் ஆன ஓரத்தைக் கலர்ல காட்டுற வசதி) போட்டு முளையோட நுனியில நிறுத்துங்க. ஐரிஸ் எஃப் 5.6லேர்ந்து 8க்குள்ள இருந்தா ஒரு நெல்லோட கனம் முழுக்க ஃபோகஸ்ல வரும். வெளிச்சம் பக்கவாட்டுல வரணும். முளை வெள்ளை, நெல் பழுப்பு, எக்ஸ்போஷரை முளைக்குப் பார்த்து அரை ஸ்டாப் இறக்குங்க, இல்லேன்னா வெளுத்துப் போய்ப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். கை நிறைய அள்ள வேணாம், பத்துப் பன்னிரண்டு மணி போதும். எடுத்து முடிச்சதும் அதே இடத்துல நின்னு, நெல் எந்த மூட்டையிலேர்ந்து வந்துச்சோ அந்த மூட்டையை ஒரு வைட் எடுத்துடுங்க.